அண்ணி வீட்டு மயிலுக்கு நான் வைத்த கண்

வீட்டில் ஒரு பீங்கான் கோப்பை கை தவறி விழுந்தால் சிலர் "ஐயோ, செட்டு போச்சே" என்பார்கள். சிலர் கோப்பையை விட்டுவிட்டு, அதைப் போட்டு உடைத்த பிள்ளையின் முதுகைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் பயம் வேறு. சிதறிய துண்டுகளை முறத்தில் அள்ளும்போது ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், எதிலாவது கண் இருக்கிறதா என்று. (கோப்பையில் எங்கே கண் இருக்கும் என்று கேட்காதீர்கள். அது எனக்கும் தெரியும். பயத்துக்குத் தெரியாது.)

இதற்கெல்லாம் காரணம், கள்ளக்குறிச்சியில் என் நாத்தனார் வீட்டு வாசல் சுவரில் நின்றுகொண்டிருக்கும் ஒரு மயில். அந்த மயிலைச் செய்த மகராசி நான்தான்.

நான் பிறந்து வளர்ந்தது திருக்கோவிலூர். வாழ்க்கைப்பட்டது வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு கிராமம். வைகாசியில் கல்யாணம். மாமியார் அதிகம் பேசமாட்டார். என் வீட்டுக்காரர் அதைவிடக் குறைவாகப் பேசுவார். அந்தக் குடும்பத்தின் மொத்தப் பேச்சையும் குத்தகைக்கு எடுத்திருந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா பச்சையம்மாள். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் குடியிருந்தது கள்ளக்குறிச்சியில் என்றாலும் ஆட்சி நடந்தது எங்கள் கிராமத்தில். வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவார். கொல்லையில் கரும்பு போடுவதா மரவள்ளி போடுவதா என்பதிலிருந்து குழம்புக்கு எவ்வளவு உப்பு என்பது வரைக்கும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. எனக்கு முன்பு அந்த வீட்டுக்கு வாங்கி வந்த ஒரு கறவை மாட்டை, "முழியே சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் சந்தைக்குத் திருப்பி அனுப்பியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்யாணமான புதிதில் அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாட்டின் ஞாபகம்தான் வரும்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். திருக்கோவிலூரில் சும்மா உட்கார்ந்து தின்றால் உடம்பு வைக்கும் என்று என் அம்மா பக்கத்துத் தெருவில் நடந்த கைவினை வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே ஒரு டீச்சர், உடைந்த பீங்கான், பானை ஓடு, வளையல் துண்டு எல்லாவற்றையும் சேர்த்து மொசைக் வேலை செய்யச் சொல்லிக்கொடுத்தார். கோப்பையைச் சாக்கில் சுற்றிச் சுத்தியால் தட்ட வேண்டும். துண்டுகளைக் குறடால் கடித்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வெள்ளை சிமெண்டைக் குழைத்து ஒட்டி, சந்து பொந்தையெல்லாம் அடைத்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துப்போனது. உடைந்தவை தீர்ந்ததும் உடையாதவற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். அம்மா நல்ல கோப்பைகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆவணியில் புருஷன் வீடு திரும்பும்போது கையில் ஒரு தட்டு, தட்டில் நான் ஒட்டிய இரண்டு கிளிகள், தலையில் சுமக்க முடியாத கர்வம்.

அப்போது அண்ணி கள்ளக்குறிச்சியில் புது வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தார். அந்த வீடு எழும்பிய கதை பெரிய கதை. ஒரு பக்கச் சுவர் மழையில் சரிந்தது. கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன அண்ணி வீட்டு டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து, அண்ணியின் வீட்டுக்காரர் மயிரிழையில் தப்பினார். நான் ஊரில் இல்லாத அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகி வேலை மளமளவென்று நடந்ததாம். எப்படிச் சரியானது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புது மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்களா?

இந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணி, புது வூட்டு வாசல்ல, கதவு பக்கத்துல, ஒரு மயில் செஞ்சி வெக்கட்டுங்களா? நான் கத்துக்கினு வந்துருக்கறன்."

"இன்னா மயிலு?"

"ஒடஞ்ச கோப்ப, சாசர் எல்லாத்தியும் துண்டு துண்டா ஒட்டி..."

"ஒடஞ்சதா? புது வூட்லயா?"

என் வீட்டுக்காரர் அந்த நொடியே மாட்டுக்குத் தண்ணி காட்டக் கிளம்பிவிட்டார். நான் கிளித் தட்டை நீட்டினேன். அண்ணி அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாங்கா நல்லா வந்துருக்குது."

"கிளிங்க அண்ணி."

அவர் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, செய்யி. ஆனா ஒன்னு சொல்லிட்டன். இன்னா பாடு பட்டு எழுப்புன வூடுன்னு எனக்குத்தான் தெரியும். கண்ட எடத்துல பொறுக்கனத கொண்டாந்து என் செவுத்துல ஏத்தாத. நல்ல வூட்டு சாமானா பாத்து ஒட்டு. ஏதாவது ஏடாகூடமாச்சி, நாலு பேரு எதிர்க்கவே உன்ன திருக்கோவிலூரு பஸ்ஸுல ஏத்தி வுட்ருவன்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அக்கா வெளையாடி நான் பாத்ததில்ல" என்றார்.

வேலையைத் தொடங்கினேன். சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் உடைந்த சாசர், விளிம்பு போன ஜாடி எல்லாம் வாங்கி வந்தேன். நீலக் கோப்பைகள் மயிலின் கழுத்தாயின. பச்சை வளையல்கள் தோகையாயின. கடப்பாக் கல் ஒன்றின் மேல் மயில் நாளுக்கு நாள் உருவானது. எல்லாம் சரியாக வந்தது, கண்ணைத் தவிர. பொத்தானை வைத்துப் பார்த்தேன், தூங்குமூஞ்சி மயிலானது. பாசிமணி வைத்தேன், மாறுகண் வந்தது. கண் இல்லாத மயிலைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் காலை கரும்புக் கொல்லைக்குப் போகிற வழியில், எங்கள் ஊர் மூன்று ரோடு சேரும் இடத்துப் புளியமரத்தடியில் பானை ஓடுகள் கிடப்பதைப் பார்த்தேன். சாதாரண ஓடுகள் இல்லை. கரும்பானையில் சுண்ணாம்பு, மஞ்சள், குங்குமத்தால் யாரோ என்னவோ வரைந்திருந்தார்கள். புரட்டினால், உள்ளங்கை அகல ஓட்டில் ஒரு கண்! வெள்ளை விழி, சிவப்பு ஓரம், நடுவில் பானையின் கறுப்பையே கண்மணியாக விட்டு வரைந்த அழகான கண். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. (அது சந்தோஷச் சிலிர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். உடம்புக்கு என்னைவிட விவரம் அதிகம்.) யாரோ எனக்காகவே வரைந்து, எனக்காகவே உடைத்து, எனக்காகவே போட்டு வைத்ததுபோல் இருந்தது. கூடவே கிடந்த மஞ்சள், சிவப்புத் துண்டுகளையும் விடவில்லை. கொண்டைக்கு ஆகுமே! அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மா, நான் முந்தானையில் ஓடு பொறுக்குவதைப் பார்த்துவிட்டுக் கட்டு ஆட ஆட ஓடினார். என் கலைக்குப் பெயர் பரவிவிட்டது, கிட்ட வரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

கண்ணைக் குறடால் கடித்து வட்டமாக்கி, சாயம் போகாமல் மேலே வார்னிஷ் பூசி, டீச்சர் சொன்ன பதத்தில் சிமெண்ட் குழைத்து ஒட்டினேன். கொத்தனார் மயிலைத் தலைவாசல் பக்கம் சுவரில் பதித்தார். அண்ணி வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணு நல்லா வந்துருக்குது" என்றார். "உசுரு இருக்கற மாதிரியே இருக்குது."

அந்தக் குடும்பத்தில் நான் வாங்கிய முதல் பாராட்டு. அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் சமையல்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. அதிசயமாக மாமியார் பேசிக்கொண்டிருந்தார், சங்கராபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பெண் ஒருவரிடம்.

"எங்க கெட்ட நேரம், ஒன்னு மேல ஒன்னு வந்துகினே இருந்துச்சி. அப்பறந்தான் ஆடி அமாவாசைக்கு மலையில இருந்து பூசாரிய இட்டாந்தோம். எங்க வூட்லதான் வெச்சி கழிச்சாரு. பச்சையம்மாவயும் மாப்பிள்ளையயும் ஒக்கார வெச்சி, பெரிய பானையில மூஞ்சி எழுதி, அவங்கள புடிச்சிருந்தத எல்லாம் அதுல எறக்கிட்டாரு. கண்ணு ஒன்னொன்னும் இவ்ளோ பெருசு எழுதனாரு. அப்பறம் எடுத்துக்கினு போயி ஒடச்சிட்டாரு. அன்னியோட வுட்டுது சனியன்."

என் கத்தி நின்றுவிட்டது.

"எங்க... எங்க ஒடச்சாருங்க அத்த?"

"மூனு ரோட்டு புளியமரத்தாண்ட. வேற எங்க ஒடப்பாங்க?"

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, எனக்கு அந்த மரத்துப் புளி மொத்தத்தையும் கரைத்தது. அண்ணி குடும்பத்தை ஆட்டிப்படைத்ததை ஒரு பூசாரி வந்து இறக்கி, ஊர் எல்லையில் கொண்டுபோய்ப் போட்டு உடைத்திருக்கிறார். நான் அதை முந்தானையில் முடிந்து, வார்னிஷ் பூசி, அதே அண்ணியின் புது வீட்டு வாசலில் வெள்ளை சிமெண்ட் போட்டுக் குடிவைத்திருக்கிறேன். அதுவும் உயிர் இருக்கிற மாதிரி.

என் வீட்டுக்காரரைப் பின்பக்கம் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். முகம் வெளுத்தது. "நான் பந்தலாண்ட இருந்தன். நீ என்கிட்ட ஒன்னுமே சொல்லல" என்று சொல்லிவிட்டு வாழை இலை எண்ணப் போய்விட்டார்.

கையில் கிடைத்த தேங்காய்த் துருவியோடு வாசலுக்கு ஓடினேன். கண்ணை நோண்டினேன். அசையவில்லை. நெம்பினேன். துருவி வளைந்தது. டீச்சர் சொன்ன அளவை அப்படியே கலந்ததற்காக வாழ்க்கையில் முதல் முறையாக வருந்தினேன். மயில் என்னையே பார்த்தது. நான் இடது பக்கம் போனால் இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் போனால் வலது பக்கம் பார்த்தது. வேறு வழி தெரியாமல் நிலைப்படியில் கிடந்த சாமந்தி மாலையை எடுத்து மயிலின் மூஞ்சியை மறைத்துப் போட்டுவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் எனக்குச் சாவு மணியாகக் கேட்டது. பசுவும் கன்றும் வந்தன. கன்று உள்ளே போய்விட்டது. பசு வாசலில், சரியாக மயிலுக்கு நேராக நின்று, தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றது. எல்லோரும் "ஹே, ஹே" என்று தள்ளினார்கள். (பசு பார்த்தது சாமந்தி மாலையை. எட்டி ஒரு வாய் கடித்ததும் தானாக உள்ளே போனது. ஆனால் மாலையில் பாதி போய்விட்டது.) வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்து ஐயரின் தோளில் விழுந்தது. கரண்ட் போனது. பால் அடுப்பில் ஏறியது. பொங்கவில்லை. எல்லோரும் குனிந்து பாலையே பார்க்கிறார்கள். பால் சும்மா கிடக்கிறது. "சாமி, இந்தப் பால் பொங்கட்டும், நான் ஆயுசுக்கும் ஒரு சாசரைக்கூடத் தொடமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். பொங்கியது. குலவைச் சத்தத்தில் என் அழுகைச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

மூச்சு விடலாம் என்று நினைத்தபோது அண்ணியின் குரல் கேட்டது. "வாங்க பூசாரி, வாங்க வாங்க! மலையில இருந்து இவ்ளோ தூரம் வந்தீங்களே!"

ஒல்லியான மனிதர். நெற்றி நிறைய விபூதி. கையில் மொய்க்குப் பதிலாக ஒரு பாட்டில் மலைத்தேன். அண்ணி அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, "மயில பாத்தீங்களா? தம்பி பொண்டாட்டி செஞ்சது" என்று வாசலைக் காட்டிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார். பூசாரி சிரித்த முகமாக மயிலின் முன் வந்து நின்றார். மாடு தின்ற இடைவெளி வழியாகக் கண் அவரைப் பார்த்தது. அவர் கண்ணைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. விரலால் அந்தச் சிவப்பு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா?

"இத்த எங்க எடுத்தம்மா?" என்றார் மெதுவாக.

"புளியமரத்தாண்டங்க."

நான் அவர் காலில் விழத் தயாராக இருந்தேன். அவர் சாமி ஆடப்போகிறார், ஊரைக் கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சத்தம் போடாத. யார் கிட்டயும் சொல்லாத. ஒடச்சி, ஓட்டெல்லாம் ஒன்னு வுடாம பொறுக்கி, ஓடற தண்ணியில வுடணும்மா. அதான் மொற. நான் ஒடச்சனா, அந்த நேரம் பாத்து மலைக்குப் போற கடைசி பஸ்ஸு வந்துடுச்சி. அத்த வுட்டா விடியறவரிக்கும் வண்டி கெடையாது. ஒடஞ்ச ஓட்ட எவன் தொடப்போறான்னு அப்டியே ஓடிப்போயி ஏறிட்டன்."

"நான் தொட்டுட்டேங்க."

"தெரியுது. உங்கண்ணிக்குத் தெரிஞ்சா என்ன சும்மா வுடுவாங்களா?"

"என்னையுந்தாங்க."

இரண்டு பேரும் பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளைகள் மாதிரி அந்தச் சுவரோரம் நின்றோம். பானையில் இறக்கியது என்ன ஆகும், ஏது ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பயம் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பேத்து எடுத்துடலாமா?" என்றார் பூசாரி.

"காலையில இருந்து பாக்கறங்க. துருவிதான் வளைஞ்சிது."

"இன்னா ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க?"

அண்ணி, கையில் பாயசக் கரண்டியோடு. பூசாரி மயிலைப் பார்த்தார். நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். அழுகையும் விக்கலுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். புளியமரம், முந்தானை, குறடு, வார்னிஷ், எதையும் விடவில்லை. பூசாரியின் பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டேன். அவரும் பாவம், பயந்துபோயிருந்தார். பந்தலில் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் இலைக்கட்டின் பின்னால் நின்றார். திருக்கோவிலூர் பஸ் எப்போது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது? ஒரு மயிலுக்குக் கண் வைத்தேன், வாழாவெட்டியாக வந்துவிட்டேன் என்றா?

அண்ணி கரண்டியோடு மயிலின் முன்னால் போய் நின்றார். மிச்சமிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தார். மயிலின் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு நான் வந்த புதிதில் என்னைப் பார்த்த அதே பார்வை.

"எம்மா தைரியம் இருந்தா திரும்பி வந்துருப்ப நீ?" என்றார். என்னை இல்லை, அதை. "என் செவுத்த இடிச்ச. கொத்தனாரு கால ஒடச்ச. எங்க வூட்டுக்காரரு உசுருக்கே வந்துட்ட. அடிச்சித் தொரத்துனா, மயிலு வேசம் கட்டிக்கினு வாசல்ல வந்து நிக்கறியா? தோ பாரு. இங்கதான் நிக்கணும். இந்தப் படிய தாண்டி ஒரு அடி உள்ள வெச்ச, மவள, இந்தக் கரண்டியாலயே கண்ண நோண்டிடுவன். வெளிய இருந்து எவனாவது கண்ணு வெச்சா அவனப் பாத்துக்க. அதான் இனிமே உனக்கு வேல."

கரண்டியிலிருந்து பாயசம் சொட்டியது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கண் அந்த நேரத்தில் சற்றுத் தாழ்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

பூசாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அது போதும்மா! அதுக்கு மேல மந்திரம் இல்ல" என்று அவசரமாக ஒரு கற்பூரத்தை ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

"அப்பறம் இன்னா அக்கா பண்றது? கொத்தனார கூப்புடட்டா?" என்று இலைக்கட்டின் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"எதுக்கு? ஒட்டியாச்சி. இனிமே பேத்தா செவுரு பாழாப் பூடும். இருந்துட்டுப் போவட்டும்."

சொல்லும்போது அண்ணி மயிலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு தன் முந்தானையால் என் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டு, "போ, போயி வடைய எடுத்துக்கினு வா. பந்தியில வட போடல" என்றார். நான் வடைக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு ஒவ்வொரு இலைக்கும் இரண்டு வடை வைத்தேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மயில் இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு சுவரும் இடியவில்லை. அண்ணி எங்கேயாவது கல்யாணத்துக்குக் கிளம்பினால் கதவைப் பூட்டிவிட்டு, "பாத்துக்கடி" என்று மயிலிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். நான் அந்த வாசலைத் தாண்டும்போது இன்னும் மயிலுக்கு முதுகைக் காட்டமாட்டேன், பக்கவாட்டில்தான் உள்ளே போவேன். வருகிற விருந்தாளிகளிடம் அண்ணி என் எதிரிலேயே சொல்வார்: "தோ, இது எங்க தம்பி பொண்டாட்டி கொண்டாந்த சீரு. பொறந்த வூட்ல இருந்து அண்டா குண்டா கொண்டாருவாங்க. இவ பேய கொண்டாந்தா."

போன மாதம் என் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்ணை அண்ணி வீட்டுக்கு அழைத்துப் போனோம். வழக்கம்போல் மயிலின் கதையைச் சொன்னார்கள். ஆளுக்கொரு பக்கம் நடித்தே காட்டினார்கள். மாடு மாலையைத் தின்றதற்கு என் வீட்டுக்காரர், நான் அழுததற்கு என் மகன். அந்தப் பெண் பயப்படவே இல்லை. எழுந்து போய்க் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சூப்பரா இருக்குது அத்தை. எனக்கும் சொல்லித் தர்றீங்களா?"

நான் சந்தோஷத்தில் வாயைத் திறப்பதற்குள் மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் கத்தியது. எல்லோருக்கும் மேலே அண்ணியின் குரல்தான் கேட்டது.

"வேணாண்டி கண்ணு! எனக்கும் வயசாயிடுச்சி. இன்னொன்ன மெரட்றதுக்குத் தொண்டையில தெம்பு இல்ல."